பாதி ஆடு, பாதி மாடு

கையை எத்தனை முறை கழுவினாலும் கறி வாசனை போகவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தேன், எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தும் பார்த்தேன். பச்சைக் கறியும் மிளகும் பாலில் ஊறிய ரொட்டியும் சேர்ந்த வாசனை விரல் இடுக்குகளில் உட்கார்ந்துவிட்டது. மூக்கருகே கொண்டுபோனதும் உம்முடைய நினைப்பு வந்தது. மாதத்தில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொட்டி அச்சைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவீர். கை கொடுக்கும்போது உம் கை இப்படித்தான் மணக்கும். குளித்துவிட்டு வரக்கூடாதா இந்த ஆள் என்று நான் மனதுக்குள் நினைத்ததுண்டு.

இன்று கறியைப் பிசைந்து ஓவனில் வைத்துவிட்டு, அம்மா மதியத் தூக்கத்திலிருந்து எழும்புவதற்குள் இதை எழுதுகிறேன். நீர் கண்ணை மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு நாள் உமக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. இடையில் ஒரு சமயம் எழுத உட்கார்ந்திருந்தால் அது வேறு மாதிரிக் கடிதமாக இருந்திருக்கும். எழுதாமல் விட்டது நல்லதாயிற்று. இப்போது மனம் லேசாக இருக்கிறது. எனக்கு அது அடிக்கடி வாய்ப்பதில்லை என்பது உமக்குத் தெரியும்.

பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேதியியல் படித்தோம். படிப்பு முடிந்ததும் நான் கல்லூரி ஆசிரியனானேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன் துறைத்தலைவர் நாற்காலியில் போய் உட்காருவதைப் பார்த்தேன். அவனுக்குக் கீழே இன்னும் வேலை பார்க்கிறேன். நீர் வளைகுடாவுக்குப் போனீர். பாலைவனத்தில் ஓர் எண்ணெய்க் கம்பெனி ஆய்வகத்தில் தலைமுடி கொட்டும்வரை இருந்துவிட்டு, திரும்பி வந்து வண்ணார்பேட்டையில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டீர்.

"அங்கன இருந்து என்னத்தவே கொண்டாந்தீரு?" என்று கேட்டேன்.

"முதுகு வலியும் மீட்லோஃபும்" என்றீர்.

உங்கள் முகாமில் மெஸ் நடத்திய வெள்ளைக்காரர் வாரத்தில் ஒரு நாள் செய்த பண்டம் அது. அரைத்த கறியில் பாலில் ஊறிய ரொட்டியும் முட்டையும் வதக்கிய வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, ரொட்டி அச்சில் அழுத்தி, மேலே தக்காளிச் சாறு பூசிச் சுட்டு எடுப்பது. கத்தி வைத்தால் ரொட்டி போலவே துண்டு துண்டாக விழ வேண்டும். "மத்ததெல்லாம் எவனும் செய்வான்வே. எந்தக் கறி எத்தன பங்குங்கறதுலதான் விஷயம் இருக்கு" என்பீர். கல்லூரி ஆய்வகத்தில் கரைசல் கலக்கும்போது உம் முகத்தில் வரும் கர்வம் அப்போதும் வரும். அந்தப் பங்கு என்ன என்று நீர் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. நமக்குள் பேச்சு முழுக்க வம்பாகவே இருந்தது. தகவல் கேட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை.

அது எங்கள் வீட்டுக்கு வந்தது அம்மாவின் பல்லால். மிச்சமிருந்த பற்களையும் பிடுங்கிய பிறகு அவள் கறி சாப்பிடுவதை விட்டாள். செவ்வாய், வெள்ளி, கார்த்திகை என்று அவளாக ஒதுக்கி வைத்த நாட்கள் போக, மற்ற நாட்களில் கறியோ மீனோ இல்லாமல் சோறு இறங்காதவள். பல்செட் கட்டிக் கொடுத்தோம். அதை டம்ளரில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டு, ரசத்தில் சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பார்க்க வந்த நீர், "என்னம்மா இப்பிடி மெலிஞ்சு போயிட்டீங்க?" என்று கேட்டீர். "கறி திங்க முடியலய்யா. வேற என்னத்தத் தின்னு என்ன" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அச்சோடு வந்துவிட்டீர். நான் அப்போது வாசலில் நின்று, சென்னையில் இருக்கும் என் தம்பியோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவை வந்து பார்க்காதவனுக்கு அம்மாவைப் பற்றி யோசனை சொல்ல மட்டும் நேரம் இருந்தது. அவனை ஒருவழியாகத் திட்டி முடித்துவிட்டு உள்ளே வந்தபோது அம்மா இரண்டாவது துண்டில் இருந்தாள்.

"ஏலே, பல்லே வேண்டாங்குது. நாக்காலயே திங்கலாம் போலுக்கு" என்றாள் என்னிடம்.

நீர் அதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லிக் கொடுத்தீர். ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "போய்யா, கறி ரொட்டின்னு சொன்னா ஆகாதா?" என்றாள். அன்றிலிருந்து அது கறி ரொட்டி. அதன்பின் நீர் முதுகு வலியோடு படுக்கையில் கிடந்த மாதங்களைத் தவிர மற்றபடி தவறவிட்டதில்லை.

உம்மேல் எனக்கு ஒரு குறை இருந்தது. பெருநாளைக்கு மேலப்பாளையத்தில் உம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது அங்கேயும் கறி ரொட்டி வைத்தார்கள். வெண்ணெய் போல இருந்தது. எங்கள் வீட்டுக்கு நீர் கொண்டுவந்ததோ மிருதுவாக இருந்தாலும் நாக்கில் கறி பொடிப்பொடியாகத் தட்டுப்படும். அன்று உம் வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன்.

"என்னவே, ஒம்ம வீட்டுல உள்ளது வழுவழுன்னு இருக்கு. எங்க வீட்டுக்கு வாரது மட்டும் கொரகொரன்னு வருதே?"

"அது ஒம்ம அம்மாவுக்கு உள்ளதுவே. ஒமக்குப் பிடிக்கலன்னா திங்காதேயும்."

"மிஞ்சுனதையா எங்களுக்கு அனுப்புதீரு?"

"ஆமாவே. பூனைக்கு வச்சது போக மிச்சம். பேசாமத் தின்னும்."

எல்லோரும் சிரித்தார்கள். உம் மனைவி ஜமீலா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீர் அவளை ஒரு பார்வை பார்த்தீர். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு இரண்டாம் தரத்தை நமக்கு அனுப்புகிறான், அவளுக்கே சங்கடமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த துண்டையும் எடுத்துத் தின்றேன்.

நான் எதையும் மறக்கிறவன் இல்லை. துறைத்தலைவர் பதவியை மறக்கவில்லை, தம்பியை மறக்கவில்லை, என் மகள் கல்யாணத்துக்கு வராமல் அதே நாளில் திருச்செந்தூருக்குப் போன அத்தையை மறக்கவில்லை. அந்த வரிசை நீளமானது. நீர் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வீர். உம்மை மட்டும் அதில் நான் சேர்த்ததில்லை. உம்மேல் எனக்கு இருந்தது வெறும் குறை. ஏமாற்றக்கூடியவர் என்று நினைத்ததே இல்லை. உலகத்தில் அப்படி ஒருத்தராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் போன்றவனால் நாளை ஓட்ட முடியாது.

பிறகு நீர் போனீர். கடையில் உட்கார்ந்திருக்கும்போதே, யாருக்கோ நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே. நான் வந்து சேர்ந்தபோது உம்மைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

அம்மா பல நாட்கள் கறி ரொட்டியைப் பற்றிப் பேசவில்லை. இந்தக் கோடையில் அவளுக்குக் காய்ச்சல் வந்து, தேறி, நாக்குச் செத்துக் கிடந்தபோது ஒரு நாள் மெல்லக் கேட்டாள்: "அந்தக் கறி ரொட்டி ஒரு துண்டு கிடைக்குமாலே?" எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மகள் கேக் செய்வதற்கென்று வாங்கி, கல்யாணமாகிப் போனபின் மூடியே கிடந்த ஓவன் இருந்தது. செய்முறையும் ஓரளவு தெரியும். கறிக்கடையில் கைமா வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்ததும் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்? கைமாவை அரிப்புக் கூடையில் கொட்டிக் குழாயடியில் வைத்துக் கழுவினேன். ரத்தம் வடிந்து தண்ணீர் தெளியும்வரை கழுவிவிட்டுக் கையால் பிழிந்தும் எடுத்தேன். பக்கத்தில் என் மனைவி செண்பகம் மேற்பார்வை. கழுவாத கறியை அடுப்பில் ஏற்றுவது எங்கள் இருவர் வீட்டிலும் தலைமுறை தலைமுறையாக நடக்காத காரியம். அரைத்த கறியை ஒட்ட வைப்பது அதிலுள்ள புரதச் சாறுதான், தண்ணீரில் கழுவினால் அது கரைந்து போய்விடும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான். கூடையைக் கையில் பிடித்திருந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. சுட்டு எடுத்துக் கத்தி வைத்ததும் மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்து தட்டில் குவிந்தது.

அம்மா கரண்டியால் கிளறிப் பார்த்தாள். "என்னலே இது, கறிப்புட்டா?"

அதனால்தான் மேலப்பாளையத்துக்குப் போனேன். உமக்கு வழக்கமாகக் கறி கொடுக்கும் மாட்டுக்கறிக் கடைக்காரரிடம் உம் பெயரைச் சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். விசாரித்தார். கறி ரொட்டிக்கு நீர் என்ன வாங்குவீர் என்று கேட்டேன்.

"அது தெரியாதா அண்ணாச்சி? பாதி ஆடு, பாதி மாடு. ஆட்டுக்கறியைப் பக்கத்துக் கடையில வாங்கிட்டு வருவாரு, மாட்டுக்கறி நம்மகிட்ட. ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோயி, முழுத் துண்டாவே கழுவி, துணியால துடைச்சுட்டு, திரும்ப நம்மகிட்டயே தூக்கிட்டு வருவாரு. நம்ம மெஷினுலதான் ஒண்ணாப் போட்டு அரைக்கணும். நாங்க சிரிப்போம், பிள்ளையக் குளிப்பாட்டித் தொடைச்சுத் தூக்கிட்டு வந்த மாதிரின்னு."

"எப்பவுமே பாதி மாடா?"

"எப்பவுமே. நம்ம ஊரு ஆட்டுல கொழுப்பு கிடையாதே அண்ணாச்சி, அது மட்டும்னா காஞ்சு போகும்பாரு."

அரைப்பதற்கு முன்னால் முழுசாகக் கழுவ வேண்டும் என்ற விடை அங்கேயே இருந்தது. ஆனால் நான் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் தேநீர் வாங்கிவரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

உம்மிடம் சொல்ல வெட்கமில்லை. எனக்கு மாட்டுக்கறியில் ஆட்சேபணை ஒன்றும் கிடையாது. உம் வீட்டில் என்ன கறி என்று நான் கேட்டுத் தின்றதில்லை. ஆனால் அம்மா தின்ன மாட்டாள். அதற்கு அவளிடம் விளக்கமெல்லாம் இல்லை, அவள் தின்ன மாட்டாள், அவ்வளவுதான். அது உமக்குத் தெரியும். அவள் மடியில் தலைவைத்துப் படுக்காத குறையாக எங்கள் வீட்டில் வளர்ந்தவர் நீர். தெரிந்தே நீர் மாதாமாதம் அவளுக்கு அதைக் கொடுத்தீரா? "இதுல என்ன இருக்கு, தெரியவா போகுது" என்று நினைத்தீரா? பல் போன கிழவி ஆசையாகத் தின்கிறாள், தின்றுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தீரா? "அது ஒம்ம அம்மாவுக்கு உள்ளதுவே" என்று நீர் சொன்னது இப்போது வேறு மாதிரிக் கேட்டது. ஜமீலா வாயெடுத்ததும் நீர் தடுத்ததும் வேறு மாதிரித் தெரிந்தன.

கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. நீர் இல்லை. ஜமீலாவிடம் போய், உன் புருஷன் என் அம்மாவை ஏமாற்றினானா என்று எப்படிக் கேட்பது? அம்மாவிடம் பேச்சை எடுத்தாலே போதும், அந்த வயதில் அவள் தலையில் ஒரு கல்லை இறக்கிவைத்தது போல ஆகும். அவள் தின்றது தின்றதுதான். தெரிந்தால் மிச்ச நாளெல்லாம் அதை நினைத்து வாயைக் கொப்பளித்துக்கொண்டிருப்பாள்.

அந்த நாட்களில் உம்மேல் வந்த கோபம் தம்பிமேல்கூட வந்ததில்லை. அவனிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. "எப்பலே செய்யப் போற?" என்று அம்மா கேட்டால், ஓவன் கெட்டுப்போய்விட்டது என்றேன். "நேத்து அதுலதானே நான் கடலை வறுத்தேன்" என்றாள் செண்பகம். அவளிடமும் பேச்சைக் குறைத்தேன். பழைய ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் உம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டு அச்சைக் கவிழ்த்த முகம். அதில் கள்ளம் இருந்ததா என்று தேடினேன். தேடினால் யார் முகத்திலும் கிடைக்கும்; எனக்கும் கிடைத்தது.

ஒரு மாலை ஜமீலா ஆட்டோவில் வந்து இறங்கினாள். நீர் போனபின் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கையில் கனமான துணிப்பை. உட்காரச் சொல்வதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, கறிக்கடை பாயி சொன்னாரு, நீங்க வந்துட்டுப் போனீங்களாமே. பாதிப் பாதின்னு சொன்னாராம். நீங்க தேத்தண்ணி கூடக் குடிக்காம எழும்பிப் போயிட்டீங்களாம்."

"ஆமா" என்றேன்.

"கேட்டதுல இருந்து எனக்குப் படபடன்னு வருது. அண்ணே, அது எங்க வீட்டுக்கு உள்ளது. ஒங்க வீட்டுக்கு உள்ளது அந்த மெஷின் பக்கமே போனது கிடையாது."

"அப்ப எங்க வீட்டுக்கு வந்தது என்ன கறி?" என்று கேட்டேன்.

"அது முழுக்க ஆடு. கழுத்தும் நெஞ்சும் சரிபாதி, கூடக் கொஞ்சம் கொழுப்பு. அடுப்படியில சாக்கை விரிச்சு உக்காந்து அவுகளேதான் கொத்துவாக. 'மெஷினுல காலையில இருந்து மாடு ஓடுது, எத்தன தண்ணி ஊத்தினாலும் உள்ள ஒட்டிட்டுக் கிடக்கும், அம்மா வாயில வைக்கிறது'ம்பாக. ஒரு நாள் கை வலிக்குதுன்னாக. ஒரு தடவ மெஷினுலதான் போடுங்களேன், அம்மாவுக்குத் தெரியவா போகுதுன்னு நான் சொல்லிட்டேன். அன்னைக்குப் பூரா எங்கூடப் பேசல."

பையிலிருந்து புளியங்கட்டை ஒன்றையும், பழைய துண்டில் சுற்றிய இரண்டு கத்திகளையும் எடுத்துத் தரையில் வைத்தாள். கட்டை நடுவில் குழிந்திருந்தது. "இது ஒங்க வீட்டுக் கட்டை, ஒங்க வீட்டுக் கத்தி. எங்க வீட்டுல வெங்காயம் அரியக்கூட இதைத் தொட விடமாட்டாக."

கட்டையின் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொரகொரப்பு என்று நான் உம்மிடம் வம்பிழுத்தது கையால் கொத்திய கறி. பெருநாள் விருந்தில் எல்லோருக்கும் முன்னால் அதைக் கேட்டிருக்கிறேன். பூனைக்கு வைத்தது போக மிச்சம் என்று சொல்லிவிட்டு நீர் உம்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்.

"அந்த மனுசன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஜமீலா."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நானும் சொன்னேன் அண்ணே. வேண்டாம்னுட்டாக. சொன்னா நீங்க பெரிய மனுசன் மாதிரி, 'அதெல்லாம் எங்க வீட்டுல யாரும் பாக்க மாட்டோம்வே, மெஷினுலயே அரையும்'னு சொல்லிருவீங்களாம். அம்மாவைக் கேக்காமலே சொல்லிருவீங்களாம். பொறவு அம்மா என்ன செய்வாகன்னு கேட்டாக."

சொல்லியிருப்பேன். அதே வார்த்தைகளில், அதே தோரணையில் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டில் அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டோம் என்று அம்மா சார்பிலும் சேர்த்துப் பேசியிருப்பேன். என்னை நீர் அவ்வளவு தெரிந்து வைத்திருந்ததற்குக் கோபப்படலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்; கோபம் வரவில்லை.

இதற்குள் உள்ளே இருந்து அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்குக் காது மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"என்னம்மா ஜமீலா, எதுக்கு இவன்கிட்ட நின்னு இத்தன விளக்கம் சொல்லுத? என்ன கேட்டான்?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"கறி ரொட்டியில என்ன கறின்னுதானே? அதுக்கா இத்தன நாளா மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்ச? அவன் மொத நாளு அச்சைக் கீழ வைக்கதுக்கு முன்னயே கேட்டுட்டேன். 'எய்யா, என்ன கறி'ன்னேன். 'ஆடுதாம்மா, நானே கொத்துனேன், மெஷினுக்குப் போகல'ன்னான். பொறவுதான் வாயில வச்சேன். கேக்காமத் திங்க நான் என்ன கூறுகெட்டவளா?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"ஒங்கிட்ட என்னத்துக்குலே சொல்லணும்? நீ வாசல்ல நின்னு தம்பியை வஞ்சுக்கிட்டுல்லா இருந்த. சொல்லியிருந்தா அவனையும் பிடிச்சு எதுக்காவது வஞ்சிருப்ப."

ஜமீலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அடுத்த நிமிடம் அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். செண்பகம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு அவள்தான் சொன்னாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததுதான். பரிசோதனை முடிவு வரும்வரை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்து, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று கேட்ட ஆளைப் போல இருந்தேன். அம்மாவுக்கு எதுவும் நடக்கவில்லை. உமக்கும் எதுவும் நடக்கவில்லை. நீர் நீராகவே இருந்தீர்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கறி வாங்கினேன். கழுத்தும் நெஞ்சும், ஜமீலா சொன்ன பங்கில். முழுத் துண்டாகவே கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, அடுப்படியில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். இரண்டு கத்தியும் மாறி மாறி விழ வேண்டும். எனக்கு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. கறி கட்டையிலிருந்து துள்ளி ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது. "யாரையாவது நினைச்சுக்கிட்டுக் கொத்துங்க, சீக்கிரம் ஆகும்" என்றாள் செண்பகம். துறைத்தலைவரை நினைத்துக்கொண்டேன். நல்ல பலன் இருந்தது. கொஞ்சம் கொத்திய பிறகு அவனும் ஞாபகத்திலிருந்து போய்விட்டான். தோளிலும் மணிக்கட்டிலும் வலி மட்டுந்தான் இருந்தது. மாதாமாதம் இந்த வலியோடுதான் நீர் எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டர் ஓட்டி வந்திருக்கிறீர். ஒரு நாளும் கையை நீவிவிட்டுக்கொண்டதாக ஞாபகமில்லை.

ரொட்டி உதிரவில்லை. கத்தி வைத்ததும் துண்டாக நின்றது. உம்முடையதைப் போல மேல்தோல் சிவக்கவில்லை. ஓரம் கொஞ்சம் காய்ந்தும் போயிருந்தது. அம்மாவுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவள் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கறி எங்கன வாங்குனலே?"

"பாளையங்கோட்டையில."

"ஆடுதானே?"

"ஆடுதாம்மா."

"மெஷினுல போட்டியா?"

"இல்லம்மா. நானே கொத்துனேன். நீ சத்தம் கேட்டியே."

"சத்தம் கேட்டுச்சு" என்றாள். ஆனாலும் செண்பகத்தை ஒரு பார்வை பார்த்து, அவள் தலையசைத்த பிறகுதான் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். மெதுவாகத் தின்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இன்னொரு துண்டு வை என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரையும் இப்பிடித்தான் மாசாமாசம் குறுக்கு விசாரணை பண்ணுனியா?" என்று கேட்டேன்.

"அவனை ஒரு தடவ கேட்டேன். போதும்" என்றாள் அம்மா. "ஒன்னைக் கேக்கணும்லா."

இதையே வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அந்த ஆளோடு பேச்சு நின்றுபோயிருக்கும். எனக்கு அன்று ரோஷம் வரவில்லை. அவள் சொன்னது சரி. என் வாயிலிருந்து வரும் எதையும் சரிபார்த்துவிட்டே நம்புகிறவர்கள்தான் இந்த வீட்டில் இருக்கிறார்கள். அப்படி அவர்களைப் பழக்கியவன் நான்.

மற்றவர்கள்மேல் உள்ள கோபமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. தம்பி இந்த வாரமும் போனில் யோசனை சொன்னான்; வாங்கிக் கட்டிக்கொண்டான். அத்தை வீட்டுப் பக்கம் நான் போவதாக இல்லை. உமக்காக அவர்களை எல்லாம் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீரே நம்பமாட்டீர். உம் விஷயத்தில் பட்ட பயம் மட்டும் போய்விட்டது. நான் வாழ்க்கையில் ஒருவரையாவது சரியாகக் கணித்திருக்கிறேன் என்பது இந்த வயதில் சின்ன ஆறுதல் இல்லை.

மாதத்துக்கு ஒரு முறை கொத்துகிறேன். பாதி ஜமீலா வீட்டுக்குப் போகிறது. இன்றைக்கும் அம்மா எழுந்து வந்து, தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்பாள்: எங்கன வாங்குன, என்ன கறி, யாரு கொத்துனது. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எதுவும் கேட்காமல் பிட்டு வாயில் போட்டுக்கொள்வாள் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் கொத்திக்கொண்டிருக்கிறேன்.